புதுப்பிப்பு: மறதிநோயும் கார் சாவியும்

மறதிநோய் உள்ளவர்கள் எப்போது வண்டி ஓட்டுவதை நிறுத்த வேண்டும் என்று முன்பு எழுதியதற்கு, "இங்கே தென்னாப்பிரிக்காவில் ஐந்து ஆண்டுக்கொருமுறை லைசென்ஸ் புதுப்பிக்கிறோமே, போதாதா?" என்று கேட்டிருந்தீர்கள். போதாது. புதுப்பிக்கும்போது சோதிப்பது கண்பார்வையை, கவனத்தை அல்ல. டாக்டரிடம் சொல்லி, ஓட்டும் திறனைச் சோதிக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) அனுப்பச் சொல்லுங்கள். அறையிலும் சாலையிலும் பார்ப்பார்கள். தேறினாலும் ஆறு மாதத்தில் மறுபடி போக வேண்டும், ஏனென்றால் இந்த நோய் நிற்காது.

அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். வலப்பக்கம் திரும்பும் இடம் முக்கியம்: எதிர்வண்டியின் தூரம், வேகம், ரோபோ விளக்கு (டிராஃபிக் சிக்னல்) மூன்றையும் ஒன்றாகக் கணிக்க வேண்டும். பழகிய தெருவில் வழி தப்பினாலோ, பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலோ சோதனைக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே நிறுத்துங்கள்.

சாவியை வாங்குமுன், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் தாத்தாவைக் கோவிலுக்கும் அங்குள்ள பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கும் யார், எந்தக் கிழமை கூட்டிப்போவது என்று அவரோடு உட்கார்ந்து எழுதிவைத்துவிடுங்கள்.