அஞ்சு வயசுப் பிள்ளை 'ஒசரமான கிளாஸ்லதான் நெறைய'ங்கா, மண்டுன்னு அர்த்தமா?

அம்பை_பிஎட்: அண்ணன் மகளுக்கு அஞ்சு வயசு. நான் பி.எட் முதல் வருசம், சைக்காலஜி பேப்பர்ல பியாஜேன்னு, பிள்ளைங்க எப்படி யோசிக்குதுன்னு ஆராய்ஞ்ச ஒருத்தரப் பத்திப் படிச்சிட்டு சும்மா இருக்க மாட்டாம வீட்டுல செஞ்சு பாத்தேன். ஒரே மாதிரி ரெண்டு குட்டை கிளாஸ்ல மோர் ஊத்தி சமமான்னு கேட்டேன், சமம்னா, அவ கண்ணு முன்னாலயே ஒண்ண எடுத்து ஒல்லியா ஒசரமான கிளாஸ்ல ஊத்திட்டு இப்ப எதுல நெறையன்னா 'இதுல'ன்னு எடுத்து மடமடன்னு குடிச்சிட்டா. திருப்பி ஊத்திக் காட்ட மோரே இல்ல. ஆச்சி "பிள்ளைக்கு வெவரம் பத்தாது"ன்னு ஆரம்பிச்சிட்டாவ. போன மாசம் ஒரு கேம்ப்ல வேற இருவது நிமிசத்துல ஐக்யூ 92-ன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, மைனி நூத்துக்கு 92-ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டாவ, அண்ணன் மொபைல்ல பாத்துட்டு மூஞ்சத் தொங்கப் போட்டுட்டு இருக்கான். என்ன சொல்ல?

பாளை டீச்சர்: தம்பி, அஞ்சு வயசுல அந்த பதில்தான் வரும். ஒசரம் ஒண்ணுதான் கண்ணுல படும், அகலம் கொறஞ்சத சேத்து யோசிக்க ஏழு வயசு பக்கம் ஆகும். பியாஜேயே 1920 வாக்குல பாரிஸ்ல பிள்ளைங்க டெஸ்ட்டத் திருத்துன ஆளுதான், சரியான பதில விட்டுட்டு ஒரே வயசுக்காரங்க ஒரே மாதிரி தப்பு பண்ணுதத கவனிச்சாரு, அங்கன இருந்துதான் இதெல்லாம் வந்துச்சு. 92 மார்க் இல்லன்னு மைனிகிட்ட பைய சொல்லுங்க. மன வயச (எந்த வயசுப் பிள்ளை அளவுக்கு யோசிக்குதுங்கறத) நெச வயசால வகுக்குதது 1912-ல ஸ்டெர்ன்னு ஒரு ஜெர்மன்காரர் சொன்ன கணக்கு, அத 100-ஆல பெருக்குதது 1916-ல டெர்மன்னு ஒரு அமெரிக்கக்காரர் சேத்தது, இப்ப அதே வயசுப் பிள்ளைங்களோட சராசரிய 100-ன்னு வச்சுப் பாக்காங்க. நூத்துக்கு 68 பேரு 85-க்கும் 115-க்கும் நடுவுலதான், 92-ம் அதுக்குள்ளதான கெடக்கு. பிள்ளை கூச்சப்படுமா? டெஸ்ட் தமிழ்லயா, இங்கிலீஷ்லயா?

அம்பை_பிஎட்: இங்கிலீஷ்லதான், டீச்சர். புது ஆளப் பாத்தா மைனி சேலைக்குள்ள ஒளிஞ்சிக்கிடுவா.

பாளை டீச்சர்: அப்ப அந்தச் சீட்டு அவ கூச்சத்தத்தான் அளந்திருக்கு, மடிச்சு உள்ள வைங்க. 1905-ல பினேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இந்த மாதிரி மொத டெஸ்ட் செஞ்சதே எந்தப் பிள்ளைக்கு பள்ளிக்கூடத்துல கூடுதலா சொல்லிக் குடுக்கணும்னு கண்டுபிடிக்கத்தான், முத்திரை குத்த இல்ல.

கல்லிடை அப்பளம்: ஏல, ஒரே கேள்விய ரெண்டு தடவ கேட்டா பெரியவனே 'மொதல்ல சொன்னது தப்பு போல'ன்னு மாத்துவான், பிள்ளை என்ன செய்யும். 1974-ல ஸ்காட்லாந்துல டொனால்ட்சன்னு ஒரு அம்மாவும் கூட ஒருத்தரும் சேந்து, சாமானெல்லாம் ரெண்டு சமமான வரிசையா வச்சு ஒரு சேட்டைக்கார கரடி பொம்மை வந்து கலைச்சிட்டுப் போற மாதிரி காட்டுனாங்க, அப்ப நெறைய பிள்ளைங்க சரியா சொல்லிட்டுது. நாமளா நகத்துனாத்தான் 'ஏதோ மாறிட்டு'ன்னு நெனைக்குதுவ. புளியங்கொட்டைய ரெண்டு வரிசை வச்சு செஞ்சு பாரு.

அம்பை_பிஎட்: செஞ்சேன் அண்ணாச்சி. வரிசைக்கு ஆறு கொட்டை. மொதல்ல நானே ஒரு வரிசைய இழுத்து விட்டேன், நீளமானதுல நெறையன்னா. அடுத்து துணி பூனைய விட்டு கலைச்சேன். "பூனை சேட்டை பண்ணிட்டு, கொட்டை அதேதான்"னு சொல்லிட்டு பூனை தலையில ஒரு போடு போட்டா. ஆச்சிகிட்ட சொன்னேன், "மொத பூனைக்குச் சோறு வை"ங்காவ.