அஃப்லாவோ எல்லையில் பழைய மஞ்சள் காய்ச்சல் அட்டை செல்லுமா?

அக்ராவில் பணிபுரியும் நானும் என் மனைவியும், வரும் வெள்ளிக்கிழமை கானாவின் அஃப்லாவோ எல்லையை நடந்தே கடந்து, டோகோவின் லோமேக்கு இரண்டு நாள் பயணமாகச் செல்லவிருக்கிறோம். இருபுறமும் ஈவே மொழி பேசப்பட, ஒருபுறம் ஆங்கிலமும் மறுபுறம் பிரெஞ்சும் புழங்கும் அந்த இடத்தைப் பார்க்க அவருக்கு நெடுநாள் ஆசை.

அவருடைய தடுப்பூசி அட்டையில் 2014-ஆம் ஆண்டு முத்திரையின் அருகே, நீல மையில் ‘2024 வரை’ என்று எழுதியிருப்பதால், அது காலாவதியாகிவிட்டது என்கிறார் பயண முகவர். பழைய அட்டைகளும் ஆயுள் முழுவதும் செல்லும் என்று 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவன விதியைக் காட்டியும் அவர் ஏற்கவில்லை. தடுப்பூசி மையத்திலோ, மறுபடி போடத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விசா இருவருக்கும் கிடைத்துவிட்டது.

அண்மையில் இத்தகைய அட்டையுடன் அஃப்லாவோவைக் கடந்தவர்கள், அங்கே அது ஏற்கப்பட்டதா என்று தெரிவிக்க முடியுமா?