அவன் சிரித்தான், நாங்கள் கோபமில்லை என்று நினைத்துவிட்டோம்

பயின்னவுங் கணக்கர்:

பர்மாவில் வாழும் தமிழர்களாகிய நாம் கோபத்தைப் பற்றி அவரவர் அனுபவத்தைச் சொல்லலாம் என்று கேட்டது நான்தான். அதனால் முதலில் நானே சொல்லிவிடுகிறேன்.

ரங்கூன் பயின்னவுங் சந்தையில் ஒரு பருப்புக் கிடங்கில் 19 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். இது நடந்தது 2017 ஆகஸ்ட் மாதம். துவரை இறக்குமதிக்கு 2 லட்சம் டன்தான் என்று இந்தியா வரம்பு போட்டது. அதே மாதம் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் வரம்பு வந்தது. இங்கே விளைகிற துவரையும் உளுந்தும் இந்தியாவை நம்பியே விளைகிறவை. விலை விழுந்தது. சந்தையில் எந்த முகத்தைப் பார்த்தாலும் கடுகடுப்பு. போதாததற்கு அடைமழை.

ஒரு மத்தியானம் தார்ப்பாய் ஒதுங்கி ஆறு மூட்டை உளுந்து நனைந்துவிட்டது. எங்கள் முதலாளி தமிழர், நல்ல மனுஷர், எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். மூட்டை தூக்குகிற பர்மியப் பையனை எல்லாரும் பார்க்க நிறுத்திவைத்துக் கத்தினார். பாதி தமிழ், பாதி பர்மியம். பையன் சிரித்தான். அதைப் பார்த்ததும் இவருக்கு இன்னும் ஏறியது. "செய்யிறதையும் செஞ்சுட்டு சிரிப்பு வேறயா?"

"ஹோக்கே, ஹோக்கே", சரி சரி என்று மட்டும் சொன்னான் அவன். மூட்டைகளைப் பிரித்து உளுந்தைத் தரையில் பரப்பினான். சாயங்காலம் வரை குனிந்தபடியே கையால் கிளறிக் கிளறிவிட்டான். அரை மணி நேரத்தில் முதலாளிக்கு எல்லாம் ஆறிவிட்டது. டீ சொன்னார், பையனுக்கும் சேர்த்து. பையனின் கிளாஸ் ஒரு மூட்டை மேல் வைத்தபடி இருந்தது. ஆடை படிந்து, அதில் ஒரு ஈ விழுந்து, அப்படியே கிடந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை. போகும்போது மூட்டைக் கொக்கியைத் துணியால் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். மறுநாள் வரவில்லை.

மூன்றாம் நாள் பாலத்தைத் தாண்டி லைங்தாயாவில் அவன் வீட்டைத் தேடிப் போனேன். அவன் அம்மா பாய் போட்டு, வெறும் தேயிலைத் தண்ணீரும் லபெத் என்கிற தேயிலை ஊறுகாயும் வைத்தார். பையன் பக்கத்தில் உட்கார்ந்து, "சேய் மசோ பாபூ", கோபமெல்லாம் இல்லை என்றான், அதே சிரிப்போடு. அம்மாதான் வாசல்வரை வந்து சொன்னார்: "எல்லார் முன்னாலயும் அவன் முகம் கெட்டுப்போச்சு. தனியாக் கூப்பிட்டு அடிச்சிருந்தாக்கூட வேலைக்கு வந்திருப்பான்."

அந்தச் சிரிப்பு வெட்கம், அவமானம், கோபம் எல்லாம் சேர்ந்தது. நாலு தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கிறோம். இதைப் படிக்க எனக்கு ஒரு பையனின் வேலை போக வேண்டியிருந்தது.

கமாயுட் அக்கா:

கணக்கர் தம்பி, உங்கள் டீ கிளாஸைப் படித்ததும் எனக்கு என் மருமகளின் சாப்பாட்டுத் தட்டு ஞாபகம் வந்துவிட்டது.

நமக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும், தலைக்கு ஏறும், கண்ணில் சிவக்கும். பர்மியர்களுக்கு எல்லாமே மனசின் அளவுதான். மனசு அவர்கள் பேச்சில் 'சேய்'. சேய் சோ என்றால் மனசு கெட்டுப்போனது, அதாவது கோபம். சேய் தோ என்றால் மனசு குட்டை, முன்கோபம். சேய் ஷே, மனசு நீளம், பொறுமைசாலி. சேய் கவ் என்று ஒன்று இருக்கிறது, மனசு வளைந்து போவது. நம்மில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது என்போமே, அதுதான். ஆனால் நம் வீட்டில் மூஞ்சியைத் தூக்கினால் நாலு வீட்டுக்குத் தெரியும். அவர்கள் வளைந்தால் கூடவே இருப்பவருக்கும் தெரியாது.

என் மகன் கட்டியது பர்மியப் பெண். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, அவள் அறியாமல் அடுப்பில் ங்கப்பி என்கிற மீன் விழுதை வதக்கிவிட்டாள். நான் தளிகைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசனை வந்ததும் என்ன பேசினேன் என்று எனக்கே ஞாபகமில்லை, அவ்வளவு பேசினேன். அவள் "ரபாடே அமே", பரவாயில்லை அம்மா என்று சட்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். மன்னிப்பும் கேட்டாள். முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு மாதம் வீட்டில் ங்கப்பி இல்லை. சந்தோஷப்பட்டேன், அடக்கமான பெண் என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசினேன், பாவி. ஒரு நாள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சோற்றில் பருப்பை ஒரு விரலால் தொட்டுத் தொட்டு, ஓரமாக ஒதுக்கி ஒதுக்கி, பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துப் போகிறாள். கை மெலிந்து வளையல் முழங்கைவரை ஏறுகிறது.

"சேய் கவ் நேதலா, மகளே?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள், தலையாட்டும்போதே அழுதாள். அன்று நானே கடைக்குப் போய் ங்கப்பி வாங்கிவந்தேன். புரட்டாசி அதற்குள் முடிந்திருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கோபத்தில் பேசியதற்கு நான் இன்றைக்கும் வருந்துகிறேன். அதைவிட, அந்த ஒரு மாதம் கவனிக்காமல் இருந்ததற்கு.

பழைய ஸ்பேர்:

நான் பஸ்ஸில் ஸ்பேராக இருந்தவன். வெளியூர்க்காரர்கள் கண்டக்டர் என்பார்கள். பர்மியர்களுக்குக் கோபமே வராது என்று யாராவது சொன்னால் அவர்கள் 2017 ஜனவரிக்கு முந்தைய ரங்கூன் பஸ்ஸில் ஏறியதில்லை. வண்டி வேறொருவருடையது. அன்றன்றைக்கு வாடகை கட்டிவிட்டு மிச்சம் இருப்பதுதான் டிரைவருக்கும் ஸ்பேருக்கும். அதனால் முன்னால் போகிற வண்டியை முந்தியே ஆக வேண்டும். 1970இல் வலப்பக்கம் ஓட்டு என்று மாற்றினார்கள், ஸ்டியரிங் பெரும்பாலான வண்டியில் வலப்பக்கமே இருந்தது, முந்தும்போது எதிரே வருவது டிரைவருக்குத் தெரியாது. அந்தப் பதற்றம் முழுவதும் என் வாயில் வரும். கிழவிகளைக்கூட அதட்டியிருக்கிறேன். கைலியைத் தொடைக்கு மேலே சுருட்டிக் கோவணம் மாதிரிச் செருகினோம் என்றால் கைகலப்பு நிச்சயம். வேலைக்கும் அப்படித்தான் செருகுவோம், ஆனால் செருகுகிற வேகத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

பிறகு ஒய்.பி.எஸ். என்கிற புது ரங்கூன் பஸ் சேவை வந்தது. மாதச் சம்பளம், ஒரே கட்டணம், பெட்டியில் காசு, ஸ்பேருக்கு வேலை இல்லை. எனக்குப் பிழைப்பு போனது, ஆனால் வண்டிக்குள் சத்தம் குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன். மனுஷர் அதே மனுஷர்தான். கூலி கொடுக்கிற முறை மாறியதும் வாய் மாறிவிட்டது.

மோல்மேன் தங்கை:

எனக்குக் கோபம் வருவது ஒரே ஒரு சொல்லுக்கு. கலா. இங்கே இந்திய முகம் உள்ள எல்லாரும் கலாதான். கடலைப்பருப்பு கலாபே, நாற்காலி கலாதைன், அதற்கெல்லாம் யாரும் கோபப்பட மாட்டார்கள். 2017இல் ஃபேஸ்புக் இந்தச் சொல்லை வெறுப்புச் சொல் என்று நீக்கியபோது பருப்பைப் பற்றி எழுதியதும் சேர்ந்து போனது. ஒரே சொல், சொல்கிறவர் குரலில்தான் இருக்கிறது எல்லாம். அதைச் சட்டத்தால் எப்படிப் பிடிப்பது?

எங்கள் தாத்தா காதில் விழாத மாதிரிப் போய்விடுவார். என்னால் முடியாது. சந்தையில் எலுமிச்சை விற்கிற அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் "கலாமா, வா வா" என்பார், சிரித்த முகத்தோடு. ஒரு நாள் பக்கத்தில் குந்தி, மெதுவாக, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னேன்: "அமே, நான் இங்கேயே பிறந்தவள். அப்படிக் கூப்பிட்டால் எனக்குச் சேய் சோ." அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாடே, ஆனாடே, சங்கடமா இருக்கு என்று இரண்டு கை எலுமிச்சையை அள்ளிப் பைக்குள் போட்டார். காசு வாங்கவில்லை. வாங்கிக்கொண்டது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. இப்போது ஞீமா, அதாவது தங்கச்சி என்கிறார். வேறு வாடிக்கையாளர்களை இன்னும் கலாமா என்றுதான் கூப்பிடுகிறார்.

தாக்கேத்தா:

ஒன்று மட்டும். எங்கள் பாட்டி யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. 2021 பிப்ரவரி 2, ராத்திரி எட்டு மணி. தெரு முழுக்கச் சட்டிபானை தட்டுகிற சத்தம். கெட்டதை விரட்டப் பர்மியர்கள் காலங்காலமாகச் செய்வது அது. முதல் நாள்தான் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. பாட்டி எழுந்து போய், தன் கல்யாணச் சீரில் வந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துவந்து, ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குழவியால் அடித்தார். "பாட்டி, தாம்பாளம் போயிடும்" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. நடுவில் விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. வெற்றிலை வைத்தால் பாக்கு எல்லாம் அந்தப் பள்ளத்துக்கே உருண்டுவிடுகிறது.

கமாயுட் அக்கா:

கணக்கர் தம்பி, அந்தப் பையன் என்ன ஆனான்? அதைச் சொல்லவே இல்லையே.

பயின்னவுங் கணக்கர்:

அக்கா, சொல்லத் தயங்கினேன். அந்த வருஷம் அக்டோபரில் தடின்ஜுட் விளக்குத் திருவிழாப் பௌர்ணமிக்கு அடுத்த நாள் கிடங்குக்கு வந்தான். கையில் ஒரு கட்டு மெழுகுவத்தி, ஒரு சீப்பு வாழைப்பழம். பெரியவர்களைக் கும்பிட்டு, உடம்பால், வாக்கால், மனசால் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிற நாள் அல்லவா. முதலாளி கால்மாட்டில், அந்த உளுந்து பரப்பிய இடத்திலேயே, மண்டியிட்டு மூன்று தடவை விழுந்து கும்பிட்டான். முதலாளி அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இரண்டு மாதமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவர். அவன் முந்திக்கொண்டான். இவருக்கு வாயில் வார்த்தை வரவில்லை, தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வேலைக்குத் திரும்ப வருகிறாயா என்று நான்தான் கேட்டேன். சிரித்தான். பக்கத்துத் தெருக் கிடங்கில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான்.