புல்லட் பிரைமரி கவரில் விரிசல்: நல்ல ஆர்கான் வெல்டிங் பட்டறை தெரியுமா?

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் பழைய புல்லட் 350, நம்ம திருவொற்றியூரிலேயே செய்த வண்டி. தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலில் நின்றதை ஏதோ லோடு வண்டி இடித்துச் சாய்த்துவிட்டது. இடது பக்க பிரைமரி செயின் கவரின் (இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினை மூடும் அலுமினிய மூடி) அடியில் விரலளவு விரிசல். காலையில் பார்த்தால் தரையெல்லாம் எண்ணெய். ரப்பர் சீல் புதுசுதான். நன்றாகத் துடைத்து முகப் பவுடர் தூவிப் பார்த்தோம், விரிசலில்தான் ஈரம் ஊறுகிறது.

எம்-சீல் அப்பிவிடலாம் என்கிறார் தெரு மெக்கானிக். எண்ணெய் குடித்த அலுமினியத்தில் அது எங்கே நிற்கும்? ஆர்கான் வாயுவைப் பாய்ச்சிப் பற்றவைக்கும் ஆர்கான் வெல்டிங்தான் சரி என்று எனக்குப் படுகிறது. எண்ணெயை முழுக்கக் கழுவி, விரிசலின் இரு முனையிலும் சின்னதாகத் துளை போட்டு, கவரைச் சூடாக்கிவிட்டுப் பற்றவைக்க வேண்டும். அப்புறம் சூட்டில் கவர் வளைந்து, சீல் உட்காரும் விளிம்பு கோணிவிட்டால் சுற்றிலும் கசியுமே என்பதுதான் பயம்.

ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி பக்கம் வார்ப்பு அலுமினியத்தில் கை பழகிய வெல்டர் யாராவது உண்டா? மீன்பிடி படகு இன்ஜின் வேலை பார்ப்பவர்கள் இதையும் எடுத்துச் செய்வார்களா? புதுப்பேட்டையில் பழைய கவர் தேடலாம்தான், ஆனால் வண்டியோடு வந்த கவரை மாற்ற அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். கூலி எவ்வளவு ஆகும் என்றும் சொல்லுங்கள்.