கண்ணியமாகப் பேசுவதுதான் தாராளவாதமா?

கேள்வி:
அரசியல் வாதத்தில் ஒருவர் சூடாகப் பேசிவிட்டால், ‘இதுதான் உங்கள் தாராளவாதமா?’ என்று மடக்குவது வழக்கமாகிவிட்டது. கண்ணியமான பேச்சு தாராளவாத விழுமியங்களின் உட்கூறா, அல்லது அவற்றோடு ஒட்டிக்கொண்ட ஒரு நல்ல பழக்கம் மட்டுமா?

மறுமொழி 1:
பழக்கம்தான் என்பேன். ஆள்பவரின் கையைக் கட்டிப்போடப் பிறந்த கொள்கை தாராளவாதம். பேசுபவரின் குரலை அடக்கப் பிறந்ததன்று. சிறுபான்மைக் கருத்தினர் கடிந்து பேசினால் அது அத்துமீறலாகக் கண்டிக்கப்படுவதையும், மேலோங்கிய கருத்தினர் அதே வசையைப் பொழிந்தால் அது நேர்மையான சீற்றமாகப் போற்றப்படுவதையும் 1859இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் சுட்டிக்காட்டினார். இருதரப்பையும் சட்டத்தால் அடக்கலாகாது என்பதே அவர் நிலை.

மறுமொழி 2:
கண்ணியத்தின் பெயரால் ஒரு தரப்பின் வாயை மட்டும் அடைப்பதற்கு, மில் எழுதுவதற்கு முன்பே சான்று இருந்தது. 1836இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை, அடிமைமுறை குறித்த மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைப்பதென்று தீர்மானித்தது. பொதுமக்கள் மனத்தில் அமைதியை மீட்பதே நோக்கம் என்றார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் விடாப்பிடியாக எதிர்த்தும், 1844இல்தான் அந்த விதி நீங்கியது. யாருடைய அமைதி என்பதை மட்டும் எவரும் கேட்கவில்லை போலும்.

மறுமொழி 3:
இருவரும் கண்ணியத்தை எளிதில் கைகழுவுகிறீர்கள். 1856இல் சார்லஸ் சம்னர் என்ற உறுப்பினர் அமெரிக்க மேலவையான செனட்டில் அடிமைமுறையைச் சாடியபோது, அன்று அவையில் இல்லாத பட்லர் என்ற உறுப்பினரையும் இழித்துரைத்தார். இரண்டு நாள் கழித்து, பட்லரின் உறவினரான பிரஸ்டன் புரூக்ஸ் அதே மண்டபத்தில் சம்னரைக் கைத்தடியால் அடித்து வீழ்த்தினார். இழிசொல் தவறாகவே இருந்தாலும், அதற்கு விடை சொல்லாக மட்டுமே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டைத்தான் நான் கண்ணியம் என்கிறேன். தேர்தலில் தோற்றால் விலகுவதும், வென்றால் தோற்றவரைப் பேசவிடுவதும் அதில் அடங்கும். குரல் தணிந்திருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால், இனிய சொற்களால் எழுதப்பட்டு ஒரு சாராரின் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டம், வசையைவிடக் கண்ணியக் குறைவானது என்றாகிறதே?

மறுமொழி 3:
ஐயமில்லை. ஆனால் அதை ஆதரித்த அனைவரையும் மூடர் என்று ஏசினால், அவர்களுள் மனம் மாறக்கூடிய சிலரையும் இழந்துவிடுவோம்; அந்தச் சிலர் இல்லாமல் அச்சட்டத்தை நீக்குவதற்கான பெரும்பான்மை எங்கிருந்து வரும்?