கேக்குக்குக் கரண்ட்ஸ் கிடைக்கலைன்னா என்ன போடலாம்?

தங்கச்சிமடம்: கிறிஸ்துமஸ் கேக் குறிப்புல 'கரண்ட்ஸ் 150 கிராம்'னு இருக்கு. ராமநாதபுரம் கடைகள்ல கேட்டா கறுப்பு உலர்திராட்சையை நீட்டுறாங்க. பிளாக்கரண்ட் ஐஸ்கிரீம்ல வர்ற பழம்தானா இது?

பாம்பன் அடுப்படி: இல்லைங்க, ரெண்டும் வேற வேற. கேக்குல போடுறது விதையில்லாத பொடித் திராட்சையை உலர்த்தினது. பைபிள்ல வர்ற கிரேக்க நகரம் கொரிந்து, அந்தப் பேர்தான் இங்கிலீஷ்ல 'கரண்ட்' ஆச்சு. பிளாக்கரண்ட், ரெட்கரண்ட் எல்லாம் குளிர்நாட்டுப் புதர்ச்செடியோட புளிப்புப் பழம். அதைக் காயவச்சுப் போட்டாலும் இந்த ருசி வராது.

கடைக்காரர் தந்ததே போதும், விதையில்லாததா பார்த்து வாங்குங்க. கத்தியில துளி எண்ணெய் தடவி ஒவ்வொண்ணையும் மூணா நறுக்குங்க. முழுசா போட்டா கனத்துல அடியில இறங்கிடும். வெதுவெதுப்பான தண்ணியில அலசி, துணியில பரப்பி ஈரம் போக விடுங்க. 150 கிராமுக்கு 4 மேஜைக்கரண்டி ஆரஞ்சு சாறு ஊத்தி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல ஊறட்டும். மறுநாள் வடிகட்டி, அளந்து வச்ச மைதாவுலேயே ஒரு கரண்டி எடுத்துப் புரட்டிப் போடுங்க. மாவு தளர்வா இருந்தா இவ்வளவு செஞ்சும் இறங்கும். கரண்டியிலிருந்து சொத்துனு விழுற பதம் வேணும்.

மண்டபம்: மீதியைப் பாக்கெட்டோட வைக்காதீங்க. கடல்காத்து ஈரத்துல கட்டிப் பிசுபிசுத்துடும். ரப்பர் வளையம் போட்ட கண்ணாடிப் பாட்டில்ல ஃப்ரிட்ஜ்ல வைங்க. மேல வெள்ளையா மொறுமொறுனு இருந்தா சர்க்கரை, கெடுதல் இல்லை. பஞ்சு மாதிரி இருந்தா பூஞ்சை, மொத்தத்தையும் கொட்டிடுங்க அக்கா.