இரண்டாம் பருவத்தில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த மகள்: முதல் பருவப் பாடங்களில் எவற்றைத் திரும்பப் படிக்க வேண்டும்?

பொருநைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணி மாறுதலால் புனேயிலிருந்து திருநெல்வேலிக்கு வந்திருக்கிறோம். மகள் அங்கே மத்தியப் பாடத்திட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பைச் செப்டம்பர் இறுதி வரை படித்தாள். காலாண்டு விடுமுறை முடிந்ததும் இங்கே அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் அதே வகுப்பில், தமிழ் வழியில் சேர்த்திருக்கிறோம். இரண்டாம் பருவப் புத்தகங்களைப் பள்ளியில் கொடுத்துவிட்டார்கள். முதல் பருவப் புத்தகங்களைக் கேட்டதற்கு, "அது முடிந்த பருவம், இனித் தேர்வில் வராது, தேவையில்லை" என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நானும் நிம்மதியாகத்தான் வீடு திரும்பினேன். ஆனால் மூன்றாம் நாள் தமிழ் வகுப்பில் இன எழுத்துகள் நடத்தியபோது, வல்லின எழுத்துகளையும் அவற்றுக்கு இனமான மெல்லின எழுத்துகளையும் சொல்லச் சொன்னதற்கு, வகுப்பே ஒரே குரலில் சொல்ல, இவள் மட்டும் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். வல்லினம், மெல்லினம் என்ற சொற்களையே அன்றுதான் கேட்டதாகச் சொன்னாள். தேர்வில் வராது என்பதும் தேவையில்லை என்பதும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே மூன்று பருவங்களிலும் என்னென்ன நடத்துகிறார்கள், முதல் பருவத்தில் விட்டுப்போனவற்றுள் கட்டாயம் படிக்க வேண்டியவை எவை, விட்டுவிடக் கூடியவை எவை என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். எல்லாவற்றையும் உட்கார வைத்துப் படிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. அவளுக்கும் ஊர் புதிது, பள்ளி புதிது.

---

கணக்கு ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம் எழுதியது:

ஐயா, அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு நடத்துகிறேன், ஆள் பற்றாக்குறையால் சில ஆண்டுகள் அறிவியலும் நடத்தியிருக்கிறேன் என்பதால் இவ்விரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் பள்ளி அலுவலகம் சொன்னதில் உள்ள உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் முப்பருவ முறை 2012-13 கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு வந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம், டிசம்பர் வரை இரண்டாம் பருவம், ஏப்ரல் வரை மூன்றாம் பருவம். ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் புத்தகம், தனி மதிப்பீடு. பருவம் முழுவதும் வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40-இல் பாதி செயல்பாடுகளுக்கும் மறுபாதி சிறு தேர்வுகளுக்கும் உரியது. கூட்டி வருவதை ஏ1 முதல் இ2 வரை தரநிலையாகப் போடுவார்கள். பருவம் முடிந்தால் அந்தப் புத்தகம் தேர்வுக்கணக்கில் மூடப்பட்டுவிடும். புத்தகப்பையின் எடையைக் குறைக்கவும், ஆண்டு முழுவதையும் ஒரே தேர்வில் எழுதும் சுமையை நீக்கவும் வந்த ஏற்பாடு அது. அந்த அளவில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணக்குக்குப் பருவம் கிடையாது.

ஆறாம் வகுப்புக் கணக்கில் முதல் பருவத்தில் எண்கள், இயற்கணிதம் ஓர் அறிமுகம், விகிதமும் விகிதசமமும், வடிவியல், புள்ளியியல், தகவல் செயலாக்கம் ஆகியவை உள்ளன. உங்கள் மகள் புனேயில் படித்திருக்கக்கூடிய மத்திய அரசின் புதிய ஆறாம் வகுப்புக் கணக்கு நூலில் (2024-இல் வந்தது) கோடுகளும் கோணங்களும் உண்டு, தரவுகளைக் கையாளுதல் உண்டு. ஆனால் விகிதத்துக்கும் இயற்கணிதத்துக்கும் தனிப் பாடம் இல்லை, அவற்றை மேல் வகுப்புகளுக்குத் தள்ளிவிட்டார்கள். எனவே அவளுக்கு உண்மையில் விட்டுப்போனவை இவ்விரண்டு இயல்கள்தாம். இரண்டாம் பருவத்தில் பகா எண்கள், மீப்பெரு பொதுக்காரணி, மீச்சிறு பொது மடங்கு, அளவைகள், பட்டியலும் (அதாவது கடைச் சீட்டு) இலாப நட்டமும், முக்கோணங்கள் என்று வரும். அவற்றை நடத்தும்போது இந்த ஓட்டை வெளியே தெரியாது. மூன்றாம் பருவத்தில் பின்னங்கள், முழுக்கள், சுற்றளவும் பரப்பளவும், சமச்சீர்த்தன்மை. இவற்றுக்கு இணையான பாடங்கள் அவளுடைய பழைய புத்தகத்திலும் உண்டு என்பதால் அவள் முந்திக்கொண்டு போவாள். நீங்களும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அடுத்த ஜூன் மாதத்தில்தான் சிக்கல் வரும். ஏழாம் வகுப்பு முதல் பருவத்திலேயே இயற்கணிதமும் நேர், எதிர் விகிதங்களும் அடுத்தடுத்த இயல்களாக நிற்கின்றன. ஆகவே அரையாண்டு விடுமுறையில் முதல் பருவக் கணக்கின் இரண்டாம், மூன்றாம் இயல்களை மட்டும் எடுத்து உட்காருங்கள். விகிதத்தில் குழந்தைகள் சறுக்கும் இடம் ஒன்றே ஒன்று. 500 கிராமுக்கும் 2 கிலோவுக்கும் விகிதம் என்ன என்று கேட்டால், 500:2 என்று எழுதி 250:1 என்று சுருக்கியும் காட்டுவார்கள். சுருக்கியது சரி, அலகு தவறு. இரண்டையும் கிராமாக்கி 500:2000, அதாவது 1:4 என்று வந்து நிற்க வேண்டும். பல பிள்ளைகளுக்கு அலகு மாற்றத் தெரிந்தும் சுருக்கத் தெரியாது, காரணம் பின்னம் கைவராததுதான். விகிதத்தை முதல் பருவத்திலும் பின்னத்தை மூன்றாம் பருவத்திலும் வைத்த வரிசையின் மீது எனக்கு நெடுநாள் மனக்குறை உண்டு. நான் ஒவ்வோர் ஆண்டும் விகிதத்துக்கு முன் இரண்டு பாடவேளை ஐந்தாம் வகுப்புப் பின்னத்துக்கு ஒதுக்கிவிடுவேன்.

அறிவியலில் இவ்வளவு கவலை வேண்டாம். முதல் பருவத்தில் அளவீடுகள், விசையும் இயக்கமும், பருப்பொருள்கள், தாவர உலகம், விலங்கு உலகம், உடல்நலம். இரண்டாம் பருவத்தில் வெப்பம், மின்னியல், மாற்றங்கள், காற்று, செல், மனித உறுப்பு மண்டலங்கள். மூன்றாம் பருவத்தில் காந்தவியல், நீர், அன்றாட வாழ்வில் வேதியியல், சுற்றுச்சூழல், தாவரங்களின் பயன். ஒவ்வொரு பருவத்தின் கடைசிப் பாடமும் கணினி பற்றியது; கணினி ஓடும் பள்ளிகளில் அதை நடத்துவார்கள், ஓடாத பள்ளிகளில் வாசிக்கச் சொல்வார்கள். காந்தத்தை அவள் அங்கேயே படித்திருப்பாள். மின்சுற்றும் செல்லும் அவளுக்குப் புதியவை, ஆனால் அவை இப்போதுதான் தொடங்குகின்றன, ஆகவே வகுப்போடு சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம். முதல் பருவ அறிவியலைக் கலைச்சொற்களுக்காக மட்டும் ஒருமுறை புரட்டுங்கள். ஆங்கிலத்தில் படித்தவளுக்குப் பருப்பொருள், அடர்த்தி, இடமாறு தோற்றப்பிழை எல்லாம் பயமுறுத்தும் சொற்கள். பொருள் தெரிந்தவுடன் சிரிப்பாள், ஏனெனில் பாடம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும்.

---

காவிரி அம்மா எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒரு தாயாக ஒன்றைச் சேர்க்கிறேன். பருவம் முடிந்ததும் புத்தகத்தைப் பழைய தாளுக்குப் போடும் வழக்கம் எங்கள் தெருவில் பரவலாக உண்டு. நானும் என் மகனின் ஏழாம் வகுப்பு முதல், இரண்டாம் பருவப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டு, எட்டாம் வகுப்பில் அவற்றைத் தேடி அலைந்தேன். எட்டாம் வகுப்பில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்குத் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித்தொகைத் தேர்வு நடக்கிறது. குடும்ப வருமான வரம்புக்குள் இருந்து தேர்ச்சி பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அதில் ஏழாம் வகுப்புப் பாடங்களிலிருந்தும் கேட்கிறார்கள்.

இன்னொன்று, ஆறிலும் ஏழிலும் இருக்கும் பருவப் புத்தகம் எட்டில் கிடையாது. எட்டாம் வகுப்புக்கு ஆண்டு முழுவதற்கும் ஒரே புத்தகம், காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வு. மூன்று மாதம் படித்து மூடிவைத்தே பழகிய பிள்ளை, ஜூனில் படித்ததை ஏப்ரலில் கேட்டால் திகைத்துப்போகும். என் மகன் திகைத்தான். எட்டு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் நாங்களும் அசட்டையாக இருந்துவிட்டோம்.

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

கேள்வி கேட்டவரின் மகள் நின்ற இடம் தமிழ் வகுப்பு என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2018-இல் வந்த ஆறாம் வகுப்புத் தமிழ் நூலில் பருவத்துக்கு மூன்று இயல்கள் வீதம் ஒன்பது இயல்கள். ஒவ்வோர் இயலிலும் செய்யுள், உரைநடை, துணைப்பாடம், இலக்கணம் என்று அமைந்திருக்கும். செய்யுளும் உரைநடையும் தனித்தனியே நிற்பவை. முதல் பருவத்தில் பாரதிதாசனின் இன்பத்தமிழைப் படிக்காத பிள்ளை இரண்டாம் பருவத்தில் மூதுரையைப் படிக்க ஒரு தடையும் இல்லை. பறவைகள் வலசை போவதைச் சொல்லும் உரைநடையைப் படிக்காவிட்டால் ஓர் அழகான பாடத்தை இழப்பாளே தவிர, அடுத்த பாடம் புரியாமல் போகாது. இலக்கணம் அப்படியன்று. அது ஏணி. முதல் பருவத்தில் எழுத்துகளின் வகை, முதலெழுத்தும் சார்பெழுத்தும், மொழிக்கு முதலிலும் இறுதியிலும் வரும் எழுத்துகள். இரண்டாம் பருவத்தில் இன எழுத்துகள், மயங்கொலிகள், சுட்டு, வினா எழுத்துகள். மூன்றாம் பருவத்தில் நால்வகைச் சொற்கள், பெயர்ச்சொல், அணி. எழுத்திலிருந்து சொல்லுக்கு ஏறி, சொல்லிலிருந்து அணிக்குப் போகிறார்கள். கீழ்ப்படி இல்லாமல் மேல்படியில் கால் வைக்கச் சொன்னதால்தான் குழந்தை விழித்தாள், அவள்மீது குற்றமில்லை.

ஆகவே முதல் பருவத் தமிழில் அந்த மூன்று இலக்கணப் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் சில பக்கங்கள்தாம். இன எழுத்துக்கு நான் வகுப்பில் செய்வது இது: பலகையில் சங்கு, பஞ்சு, பண்டு, பந்து, பம்பு, கன்று என்று ஆறு சொற்களை எழுதி, ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிவிட்டு நடுவில் நிறுத்தச் சொல்வேன். 'சங்' என்று நிறுத்தினால் நாக்கு அடுத்து 'கு' சொல்ல ஆயத்தமாகவே இருக்கும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் ஏன் வருகிறது என்பதை வாயே சொல்லிக்கொடுத்துவிடும். அதன் பிறகு க, ச, ட, த, ப, ற என்ற வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

அவளுக்கு உண்மையான சோதனை மயங்கொலிகள்தாம். ண, ன, ந; ல, ழ, ள; ர, ற என எட்டு எழுத்துகள். பேச்சு வழியாக மட்டும் தமிழ் வந்த பிள்ளைகள் விலை, விளை, விழை மூன்றையும் ஒன்றுபோல ஒலித்து, ஒன்றுபோல எழுதுவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பது வேறு கதை. நாளுக்கு ஐந்து வரி, நீங்கள் சொல்ல அவள் எழுதட்டும். அதற்கு மேல் வேண்டாம்.

சமூக அறிவியலைப் பற்றியும் ஒரு சொல். வரலாறு காலவரிசையில் போகிறது: முதல் பருவத்தில் மனிதனின் தோற்றம், சிந்துவெளி, தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள்; இரண்டாவதில் வேதகாலமும் பெருங்கற்காலமும், பௌத்த சமண சமயங்கள், மௌரியர்; மூன்றாவதில் சங்ககாலம், குப்தர், பல்லவர். பூம்புகார், மதுரை, காஞ்சி பற்றிய அந்த ஒரு பாடத்தைக் கதைபோல வாசித்துக் காட்டுங்கள், மூன்றாம் பருவச் சங்ககாலப் பாடத்துக்கு அது வாசல். மற்றவற்றை விடலாம். பெருங்கற்காலப் பாடத்தை நடத்தும் வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆதிச்சநல்லூருக்கு அழைத்துப் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து தாமிரபரணியை ஒட்டிப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இறந்தவர்களைப் புதைத்த பெரிய மண்பானையை, புத்தகத்தில் முதுமக்கள் தாழி என்று படித்ததை, அந்த மேட்டில் நின்று பார்த்த பிள்ளை மறக்காது.

---

பொருநைக்கரையான் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பாடநூல் கழகத்தின் இணையதளத்திலிருந்து முதல் பருவ நூல்களைத் தரவிறக்கி, இலக்கணப் பக்கங்களை மட்டும் அச்செடுத்துக்கொண்டேன். சங்கு, பஞ்சு விளையாட்டை நேற்றிரவு சாப்பாட்டின்போது நடத்தினோம். 'கன்' என்று நிறுத்திவிட்டு அவளே 'று' என்றாள், பிறகு அம்மாவையும் பாட்டியையும் சோதிக்கத் தொடங்கிவிட்டாள்.

ஓர் ஐயம் மட்டும் மிச்சம். வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கு 20 மதிப்பெண் என்றீர்கள். அவள் சேரும் முன் அக்டோபரில் ஏதாவது செயல்பாடு நடந்து முடிந்திருந்தால் அந்த மதிப்பெண் போய்விடுமா?

---

கணக்கு ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம் எழுதியது:

போகாது. நான்கு செயல்பாடுகள் நடத்தி, அவற்றுள் சிறந்த இரண்டைத்தான் தலா 10 மதிப்பெண் வீதம் எடுத்துக்கொள்வது வழக்கம். சிறு தேர்வுகளுக்கும் அப்படித்தான். ஒன்றிரண்டு தவறினாலும் இடமுண்டு. வகுப்பாசிரியரிடம் சேர்ந்த தேதியைச் சொல்லி ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் பருவக் கணக்கில் பட்டியல் தயாரிக்கும் பாடம் வரும்போது, உங்கள் வீட்டு மளிகைக் கடைச் சீட்டையே பள்ளிக்குக் கொடுத்தனுப்பிச் செயல்பாடாகச் செய்யச் சொல்லுங்கள். சீட்டில் கூட்டல் சரியாக இருக்கிறதா என்றும் அவள் பார்த்துச் சொல்லட்டும்.